பெருசு பண்ணிச் சொல்லுங்க

வேலைக்குப் போகிறவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் வாய்மொழித் தேர்வு நடந்தது. கடைசி பெஞ்சுக்காரிக்கு இன்னும் இரண்டு மார்க் வந்தால் சூப்பர்வைசர் வேலை உறுதி.

“முதல்ல உங்களைப் பத்தி ஒரு வரி சொல்லுங்கக்கா” என்றார் வாத்தியார்.

அவள் திக்கித் திணறி இங்கிலீஷில் சொன்னாள்: “இந்த ரூமை நான்தான் தலையில சுமந்து மாடிக்கு ஏத்தினேன்.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“அடேயப்பா! ஹைப்பர்போலிக்கு உதாரணம் கேக்கலாம்னு இருந்தேன், நீங்களே சொல்லிட்டீங்க. பிடிங்க ரெண்டு மார்க்!”

“உள்ளதை ஊதிப் பெருசாக்கிச் சொல்றதுதானே சார் அது? அப்போ இந்த மார்க் வேண்டாம்.”

“கைக்கு வந்ததை விடாதடி, கிறுக்கி!” என்று பக்கத்துக்காரி கிள்ளினாள்.

“இல்ல சார். இதைக் கட்டினப்போ நான் சித்தாளு. நடைக்குப் பன்னெண்டு செங்கல், இருபது நாளு. படியேறினது நான் ஒருத்திதான்.”

வாத்தியார் நான்கு சுவர்களையும் அண்ணாந்து பார்த்தார். தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

“சரிக்கா… வேற ஒண்ணு, பெருசு பண்ணிச் சொல்லுங்க.” அவர் குரல் இறங்கியிருந்தது.

அவள் யோசித்தாள்.

“அந்த இருபது நாளும் கழுத்து துளிகூட வலிக்கல சார்.”

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் இரண்டு மார்க் போட்டார். இந்த முறை அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.