சுதைக் குழந்தையின் காது

எங்கள் தாலுகா ஆபீஸ் கூரையில் ஒரு சுதைக் குழந்தை உண்டு. டவாலி போட்டுக்கொண்டு வாசலில் நின்ற முப்பத்தோரு வருடத்தில், அதன் காதில் ஓதியே நாலு லட்சம் மனுக்களுக்குக் கையெழுத்து வாங்கியவன் நான்.

தாசில்தார் வேதநாயகம் மட்டும் நம்பவே மாட்டார்.

ஆபீஸ் நடப்பது ஒரு பழைய அரண்மனையில். அதைக் கட்டியவர் ஒரு ஜமீன்தார். ஐரோப்பா போய்வந்த மயக்கம். கூரையெங்கும் இறக்கை முளைத்த கொழுகொழு குழந்தைகள். விருந்துக்கூடம் முட்டை வடிவம்.

ஒரு கோடியில் முணுமுணுத்தால் மறுகோடியில் ஜமீன்தாருக்குக் கேட்குமாம். எத்தனையோ சதி அப்படித்தான் பிடிபட்டதாம்.

ஜமீன் போனது. சர்க்கார் வந்தது.

ஜமீன்தார் நாற்காலி இருந்த இடத்திலேயே தாசில்தாருக்கு மேஜை போட்டார்கள். ஃபேன் மாட்ட அங்கேதான் கொக்கி.

அன்று கன்னியம்மா வந்தாள். மகளுக்கு நர்சிங் சீட். ஐந்து மணிக்குள் சாதிச் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் சீட் வேறொருத்திக்கு.

“மனு வாங்குற நேரம் முடிஞ்சிருச்சு. திங்கக்கெழம வரச் சொல்லுய்யா.”

தாசில்தார் தலையை நிமிர்த்தவில்லை.

வெளியே அனுப்புவதுபோல் அவளை நடத்திப்போய், மறுகோடியில் அந்தச் சுதைக் குழந்தைக்கு நேர்கீழே நிறுத்தினேன்.

“யக்கா, செவுத்தப் பாத்து மெதுவாச் சொல்லு. பொண்ணு பேரு, காலேஜு, அஞ்சு மணி. ஒண்ணையும் விட்றாத.”

தள்ளி நின்றேன்.

அவள் உதடு அசைந்தது.

அறுபது அடிக்கு அப்பால் பேனா நின்றது. தாசில்தார் கூரையைப் பார்த்தார். அப்புறம் மணியடித்தார்.

“அந்தம்மாவக் கூப்பிடு.”

கையெழுத்து. முத்திரை. கன்னியம்மா ஓடிய ஓட்டத்தில் அரண்மனைப் புறாக்கள் மூன்று நாள் திரும்பி வரவில்லை.

மகள் இப்போது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் போட்ட ஊசி எனக்கு இனித்தது.

நானும் தாசில்தாரும் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகின்றன. அவர் பாட்டு மட்டும் மாறவில்லை.

“அந்தம்மா அழுதுச்சு. பாத்தேன், கூப்பிட்டேன். கூரையாவது காதாவது! அளக்காதய்யா.”

போன வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவருக்குச் சர்க்கரை.

கன்னியம்மாவின் மகள் வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“சாப்டீங்களா சார்?”

அவர் தலையாட்டினார். அவள் போனபிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்கம்மா அன்னைக்கு மனுவப் பத்தி ஒரு வார்த்த பேசலய்யா.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“‘டிபன் கேரியர் தொறக்காமயே கெடக்கு. பாவம், அந்த ஐயா இன்னும் சாப்புடல’ன்னாங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு.”