பாதியைக் கழித்து

வீட்டுக்கொரு தலைப்பு, அதுவும் வீட்டாரின் பெயர் போட்டே, மடித்து ஒட்டிய செய்தித்தாளின் மேல் அச்சாகி வரும் காலம். விருதுநகர் பருப்பு வியாபாரி தங்கப்பழம் எந்தத் தலைப்பையும் சந்தை விலை போலப் பாதியாக அடித்துத்தான் நம்புவார். போன வாரம் ‘மகள் வெண்மதி தலையில் இடி!’ என்றது. உள்ளே, கல்லூரி விடுதிக் கட்டணம் ஏறியிருந்தது.

இன்று, ‘வெண்மதி உயிருக்குப் போராட்டம்!’

“என்னங்க, பிரிச்சுப் பாருங்களேன்!” மனைவி பதறினாள்.

“பாதியக் கழிச்சா காய்ச்சல், அதுலயும் பாதியக் கழிச்சா தும்மல். நீ போயி காப்பியப் போடு.”

அவளே பிரித்தாள். விபத்தில் சிக்கிய வெண்மதி விடியுமுன்பே இறந்துவிட்டதாக முதல் வரி சொன்னது.

முழுச் சரக்கையும் வாசலிலேயே காட்டிவிட்டால் எவர் உள்ளே வருவார்? தங்கப்பழத்துக்குத் தெரியாத வியாபாரமா அது.