இரண்டு நிமிடப் பாட்டு

"கடைவாய்ப் பல்லு மூணு சொத்தை. ஒண்ணைப் பிடுங்கித்தான் ஆகணும். இந்த வாயில பிரஷ் பட்டு ரொம்ப நாளாச்சும்மா," என்றார் பல் டாக்டர்.

மகளைக் கூட்டி வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அதெப்படி டாக்டர்? பாட்டுப் பாடுற பிரஷ் வாங்கிக் கொடுத்திருக்கேன். ஒரு நாளைக்கு நாலு தரம்கூடத் தேய்க்கிறா. பாட்டு கேக்குதே."

"பாட்டு பல்லைத் தேய்ச்சுவிடாதும்மா."

நாற்காலியில் சாய்ந்திருந்த, இரண்டு பெண்களில் ஆறு வயதுப் பெரியவள், திறந்த வாயோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முயல் தலை வைத்த பிரஷ் அது. பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடம் பாடும். பாட்டு முடியும்வரை தேய்க்க வேண்டும் என்று ஏற்பாடு. வாங்கிய நாளிலிருந்து குளியலறையில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. பேட்டரி மாற்றித்தான் மாளவில்லை. பல் தேய்க்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திய காலம் போயிற்று என்று, மருந்துக்கடையில் தன்னோடு பில் போடுகிறவளிடம் பெருமை அடித்துக்கொண்டவள் அவள்.

அத்தனையும் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுச் சும்மா நின்ற திருட்டுத்தனமா? ஆறு வயதில் இவ்வளவு அழுத்தமா? 

வழியெல்லாம் கெஞ்சினாள், மிரட்டினாள். பெரியவள் தெருவையே பார்த்தபடி நடந்தாள்.

வீட்டில் சின்னவளைப் பார்த்துக்கொண்டிருந்த கணவன், விஷயம் காதில் விழுந்ததும் ஆரம்பித்தான். பிள்ளையைக் கவனிக்க நேரமில்லாதவளுக்குப் பாட்டு பிரஷ் ஒரு கேடா என்றான். பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறது என்றாவது தெரியுமா உங்களுக்கு என்றாள் அவள்.

அதற்குப் பிறகு சொத்தைப் பல் போன இடம் தெரியவில்லை. பேச்சில் அவன் அம்மா வந்தாள், இவள் அண்ணன் வந்தான், கல்யாணத்தன்று நடந்ததெல்லாம் வந்தது. அவன் எறிந்த தட்டு சுவரில் மோதி உருண்டது. வாழ்க்கையே வெறுத்துப்போனதுபோல் இருந்தது அவளுக்கு.

"இந்த வீட்டுல இருக்கிறதுக்கு எங்கயாவது போய்ச் சாகலாம்," என்று கத்தினாள்.

அப்போதுதான் குளியலறையிலிருந்து அந்தப் பாட்டு கிளம்பியது.

"கேட்டீங்களா? டாக்டர் சொல்லியும் திருந்தலை, மறுபடி ஏமாத்துறா. கையும் களவுமா பிடிக்கிறேன், வாங்க."

இரண்டு பேருமாகப் போய்க் கதவைத் தள்ளினார்கள்.

பிரஷ் நனையக்கூட இல்லை. கவிழ்த்த வாளியின்மேல் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுச் சின்னவள், உடம்பெல்லாம் நடுங்க. அவளுடைய ஒரு காதைப் பெரியவளின் உள்ளங்கை இறுகப் பொத்தியிருந்தது. இன்னொரு காதோரம் முயல் பாடிக்கொண்டிருந்தது.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சண்டை முடிஞ்சிடுச்சாம்மா? பேட்டரி தீரப் போகுது."