முக்கால் மணி நேரப் பாவம்

"இன்னுமா முடியல?" என்றாள் பக்கத்து வீட்டுக் கான்செப்டா, மூடியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்து.

உள்ளே மாலக்கி நிமோனியாவில் படுத்திருந்தார். எழுபத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருக்குப் புனித எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் செய்யப் பங்குச் சாமியார் ஃபாதர் ஃபெர்கல் வந்திருந்தார். பூசுவதற்கு முன்னால், நோயாளி தன் பாவங்களைச் சாமியாரிடம் தனியாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். அது நடக்கும்போது வீட்டு மனிதர்கள் வெளியே வந்துவிட வேண்டும். தலையே போனாலும் கதவைத் திறக்கக் கூடாது. அயர்லாந்தில் மேயோ பக்கம் எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம்.

"பத்து நிமிஷம் ஆச்சே! நாப்பது வருஷம் தபால் கொடுத்த மனுஷன், ஒருத்தர் கடிதத்தைக்கூடப் பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல பாவம் ஏது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மாலக்கியின் தங்கை டிம்ப்னா, கெட்டிலை அடுப்பில் ஏற்றியபடி.

கான்செப்டா வந்தது நோயாளியைப் பார்க்க மட்டும் அல்ல. அவள் கைப்பையில் மறைமாவட்ட ஆயருக்கு ஒரு கடிதம் இருந்தது. ஃபாதர் ஃபெர்கலை மாற்றச் சொல்லி அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அவரெல்லாம் ஒரு சாமியாரா? செத்தவரை விட்டுட்டு, முன் பெஞ்சுல உட்கார்ந்திருந்த தம்பி பேரைச் சொல்லி மோட்சத்துக்கு அனுப்பி வெச்சார். சாம்பல் புதனுக்குச் சாம்பலையே மறந்துட்டு வந்தார். கோவில் பீடத்துணி துவைக்கிறவ நீ. உன் கையெழுத்து இல்லேன்னா ஆயர் நம்ப மாட்டார். இன்னும் ஒரு தப்பு பண்ணட்டும், நானும் போடறேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்தான்."

பாத்திரம் கழுவப் போன டிம்ப்னா ஜன்னலருகே கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வீட்டுக்குப் பின்னால் நாய் குரைத்தது.

"என்ன அங்க?" என்று கான்செப்டா எழுந்தாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு செம்மறி ஆடு சுவர் தாண்டி ஓடுது. வா, முழங்கால் போடு. அண்ணனுக்காக ஜெபமாலை சொல்லலாம்."

"இப்பவா? டீ ஆறிடுமே!"

"ஆறட்டும். உள்ளே என்னத்தைச் சொல்லிக்கிட்டு இருக்காரோ, எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

சுவரில் மாட்டியிருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்து இரண்டு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டாள். இருவரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி முழங்காலிட்டார்கள். மாலையின் ஐம்பத்துமூன்று மணிகளையும் உருட்டி முடித்ததும் கான்செப்டா எழப் பார்த்தாள்.

"அசையாதே. நூத்தம்பத்துமூணும் சொல்லணும். பாவம் பெரிசா இருக்கும்போல."

"கொலை கிலையா இருக்குமோ?"

"அருள் நிறைந்த மரியே!" என்று டிம்ப்னா குரலை உயர்த்தினாள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஃபாதருக்கு நெற்றியெல்லாம் ஈரம். மூச்சு வாங்கியது. கட்டிலுக்கு அந்தப் பக்கமாகவே போய் நின்றுகொண்டார்.

"கேட்டவருக்கே இப்படி வேர்த்துக் கொட்டுதுன்னா!" என்று கான்செப்டா டிம்ப்னாவின் காதில் முணுமுணுத்தாள்.

ஃபாதர் சிமிழைத் திறந்து மாலக்கியின் நெற்றியிலும் இரண்டு கைகளிலும் எண்ணெய் பூசினார். "ஆமென்" என்ற மாலக்கி, கண்ணைத் திறந்து, "ஒரு டீ கிடைக்குமா?" என்றார்.

ஃபாதர் போனதும் கான்செப்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு பாவிக்காக முக்கால் மணி நேரம் பொறுமையா உட்கார்ந்தாரே, இந்த மனுஷனையா துரத்தப் பார்த்தோம்!" என்று கடிதத்தைத் தானே அடுப்பில் போட்டாள்.

இரண்டு வாரத்தில் மாலக்கி எழுந்து நடமாடினார். ஆனால் அவர் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. அந்த முக்கால் மணி நேரப் பாவம் பெண் விவகாரம் என்றார்கள் சிலர். காணாமல் போன தபால் மூட்டை என்றார்கள் சிலர். இத்தனை வருஷம் அவரைத் திரும்பிப் பார்க்காத பேக்கரிக்கார விதவை முதல்முறையாகச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அவர் தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"டிம்ப்னா, என்னால உன் மானமும் போகுது. உண்மையைச் சொல்லிடறேன். ஆனா ஃபாதருக்கு எதிரா எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்னு சத்தியம் பண்ணு. என் பாவமெல்லாம் ரெண்டே நிமிஷம்தான். எண்ணெயைக் கோவில்லயே மறந்துட்டு வந்துட்டார். 'இதோட என் கதை முடிஞ்சுது'ன்னு தலையில கை வெச்சுட்டார். காரைக் கிளப்பினா உங்களுக்குக் கேட்டுடும். நான்தான், 'ஜன்னல் தாழ்வா இருக்கு, வயல் வழியா ஓடிட்டு வாங்க. பாவசங்கீர்த்தனம்னா இந்தக் கதவை யாரும் திறக்க மாட்டாங்க'ன்னு அனுப்பி வெச்சேன்."

டிம்ப்னா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"சேத்துல ரெண்டு தடவை விழுந்தார். விழுந்த வேகத்துல எழுந்து ஓடினார். உன் உயிர் போறதுக்குள்ள திரும்பிடணும்னு ஓடின ஓட்டம் அண்ணே அது. அதைப் பார்த்த பிறகு எந்தக் கை கையெழுத்துப் போடும்?"

மாலக்கி வாயைப் பிளந்தார். "அப்போ உனக்கு..."

"சனிக்கிழமை நான்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும். அவரைச் செம்மறி ஆடுன்னு சொல்லி, கான்செப்டாவை முக்கால் மணி நேரம் முழங்கால்ல நிறுத்தி வெச்சிருந்தேனே!"