அளவுக்கு ஒரு ஆள்

வீடியோ கேமுக்கு அரக்கர்களை வரைவதுதான் ஜெசிந்தாவின் வேலை. அரக்கன் எவ்வளவு உயரம் என்று தெரிய, காலடியில் அளவுக்குச் சின்னதாய் ஒரு ஆளை நிறுத்துவாள். துணிப்பையோடு, முதுகைக் காட்டி நிற்பான். எல்லாப் படத்திலும் அவனேதான். கேமில் மட்டும் வரமாட்டான்.

இம்முறை, படத்தைப் பார்த்து உருவம் செய்தவர்கள் விவரம் தெரியாமல் அவனையும் செய்து கேமில் சேர்த்துவிட்டார்கள். விளையாடிப் பார்த்துப் பிழை சொல்லும் அஸ்லம் அவளைக் கூப்பிட்டான்.

“இவரை எப்படிக் காப்பாத்துறதுன்னு தெரியலையே. அரக்கன் காலைத் தூக்கினாலும் நகர மாட்டேங்குறாரு.”

“அவரு சும்மா அளவுக்குத்தான் அஸ்லம். எடுத்துடச் சொல்றேன்.”

அஸ்லம் சண்டையை விட்டுவிட்டு, திரையில் அந்த ஆளைச் சுற்றி முன்பக்கம் போனான். முகம் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று வெறுமையாக இருந்தது.

“மூஞ்சியாவது வரைஞ்சுட்டு எடுங்க,” என்றான்.

ஜெசிந்தா இருக்கைக்குத் திரும்பி வரையத் தொடங்கினாள். மூக்கு வந்தது, வாய் வந்தது. கண்ணில் கை நின்றுவிட்டது. அவன் அண்ணாந்து அரக்கனைப் பார்க்க வேண்டுமா, தன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவளையா?