குறையே இல்லாத ஊர்

கங்காவின் மூன்று நாள் லீவுக்கு ஊர் தேடுகிறார்கள். செம்பனை மரங்களைத் தாண்டி வரும் மாலை வெயில் கோலசிலாங்கூர் வீட்டுக் கூடத்தில், வாய் திறந்து கிடக்கும் பயணப் பையின் மேல் விழுகிறது. பத்துமலை முருகன் கோயிலைத் தாண்டி எங்கும் கூட்டிப்போகாத அப்பா இன்று கைப்பேசியில் ஊர்ப்படங்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். “பினாங்கு போலாமாப்பா?” என்கிறாள் கங்கா. “கூட்டம்லா.” “மலாக்கா?” “வெயிலு கொளுத்தும்லா.” “கேமரன்?” “குளிரும்லா. தைப்பிங் போவோம்.” “அங்க தெனமும் மழையாச்சேப்பா!” “மழை நல்லதுதானம்மா.” அவள் கண்ணைச் சுருக்கி அம்மாவைப் பார்க்கிறாள். அம்மா சட்டென்று முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் அலமாரிக் கண்ணாடியில் தெரிகிறது: பட்டுப்புடவையின் மடிப்புக்குள், மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் பையில் சுற்றி, கங்காவின் ஜாதகத்தை அம்மா செருகுவது.