எலிக்கு இடமில்லை

பெட்டிக்கடை வாசலில் காலையிலேயே பத்திரிகை போஸ்டர் ஒன்று தொங்கியது. ‘ஆவி சிகரெட்டால் நுரையீரல் உருகியது’ என்று இ-சிகரெட்டைப் பற்றிக் கொட்டை எழுத்து. உள்ளே அலமாரியில் இருந்த சிகரெட் பாக்கெட்டுக்கு அதைப் படித்ததும் ஒரே குஷி. தன் முகத்தில் அச்சடித்திருந்த புற்றுநோய்ப் படத்தைத்தான் வருஷக்கணக்காக யாரும் ஏறெடுத்தே பார்ப்பதில்லையே.

கடைக்கு வந்தவரின் சட்டைப்பையிலிருந்து ஆவி சிகரெட் எட்டிப் பார்த்தது. “நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. எனக்குள்ளயும் நிகோட்டின் இருக்கு. ஆனா உருகுனது யாரோட நுரையீரல்?” என்று போஸ்டரைக் கேட்டது.

“ஆய்வுக்கூடத்து எலியோடது. ஏழாம் பக்கத்துல போட்டிருக்கு,” என்றது போஸ்டர். “என் எழுத்து பெருசு. எலிக்கெல்லாம் இடமில்ல.”

அதற்குள் அந்த மனிதர் போஸ்டரைப் படித்துவிட்டார். முகம் வெளிறிப்போய், ஆவி சிகரெட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் வீசினார். நல்லவேளை பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டார். பிறகு படபடப்பு அடங்குவதற்காக ஒரு சிகரெட் வாங்கி, வாசலில் புகைந்துகொண்டிருந்த கயிற்றில் பற்றவைத்தார்.

ஒன்று குறைந்துபோன பாக்கெட், போஸ்டரைப் பார்த்துப் பணிவாகச் சொன்னது: “நாளைக்கும் வந்துடுங்கண்ணே.”